பால் டம்ளரும் சிவப்பு மாத்திரையும்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு லண்டன் திரும்பியாயிற்று. கோயில், கல்யாணம் எல்லாம் அப்புறம். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தங்கைக்கு ஏழாம் மாதம். ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. பதறிப்போய் மன்னார்குடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கால் வீங்கிய பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி நேரம். உள்ளே போனால், அவள் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள், "ரத்தம் கம்மி, ஊசி போட்டுடலாம்" என்று எழுதிக்கொடுத்தாயிற்று. ஊசி தேவைப்படலாம், அதைக் குறை சொல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாயா, எப்படிப் போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? லண்டனில் எனக்கு 28-ஆம் வாரம் ரத்தம் எடுத்தபோது மிட்வைஃப் (பேறுகால நர்ஸ்) முதலில் கேட்டதே அதுதான். வீடு வந்து சேரும்வரை எனக்கு ஆறவில்லை.

மறுநாள் செவ்வாய். "சுகாதார நிலையத்துக்குப் போகணும்க்கா" என்றாள். மாமியாரும் கூட வந்தார். அம்மா எங்களைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போன அதே கட்டடம், அதே வேப்பமரம். மனம் கொஞ்சம் இளகித்தான் போனது.

நர்சம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார். "மாத்திரையை எதோட முழுங்குற கண்ணு?"

"ராத்திரி அத்தை குங்குமப்பூ பால் தருவாங்க, அதோடதான்."

"கால்சியம் மாத்திரை?"

"அதையும் சேர்த்துத்தான்."

பாலும் கால்சியமும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், டீ காபியும் அப்படித்தான், எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மலம் கறுப்பாப் போகுதுன்னு பயந்து நடுவுல விட்டுடுறியா?" என்றார். தங்கை தலைகுனிந்தாள். அக்கா நான் கூட அதைக் கேட்கவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது.

மாமியாருக்கு வேறு பயம், குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடும் என்று. அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, மனம் நோகாமல், நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை, பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்குவதற்குத்தான் இது என்று விளக்கினார். 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம் உள்ள அந்தச் சிவப்பு மாத்திரை இனி தினம் இரண்டு. ஒரு மாதத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை, ஏறாவிட்டால் இங்கேயே இரும்பு ஊசி டிரிப்ஸில் ஏற்றலாம் என்றார். ஒரு ரூபாய் செலவில்லை.

நேற்று தங்கை கூப்பிட்டாள். 10.1. போனை வாங்கி மாமியார் சொன்னார்: "பாலை இப்பல்லாம் சாயங்காலமே குடுத்துடுறேம்மா."