மாடிக்கு ஒரு ஐபி, கீழ்வீட்டுக்கு ஒரு ஐபி: இரண்டரை வருடம் ஓட்டிய பிறகு

புது வீட்டின் மாடியைத் தம்பிக்கு விட்டிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் பண்ணி, "ஒரே ஃபைபர் லைன்ல ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி ஐபி வெச்சிருக்கீங்களே, நானும் அப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார். (ஐபி என்றால் இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் முகவரி எண்.) காலையில் கேட்டிருந்தால் யோசிக்காமல் பண்ணுங்க என்றிருப்பேன். ஆனால் அவர் கேட்டது மதியத்துக்கு மேல், லைன்மேன் வந்து, ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியை மாற்றிவிட்டுப் போன பிறகு. அன்றைக்கு வந்த கோபத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். கீழே நாங்களும் அப்பாவும், மாடியில் அண்ணன் குடும்பம். 100 எம்பிபிஎஸ் லைன் ஒன்று, பணம் பாதிப் பாதி. எனக்கு வீட்டிலிருந்துதான் வேலை, ஆபீஸ் சர்வரோ பதிவு செய்த ஐபியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். ரவுட்டரில் பார்த்தால் எங்கள் ஐபி 100.72 என்று ஆரம்பிக்கும். 100.64-லிருந்து 100.127 வரைக்கும் உள்ள எண்களை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்: வெளியே தெரிகிற ஒரு ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும்போது, உள்ளுக்குள் தருகிற எண் அது. இதில் இன்டர்நெட் கம்பெனிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், மையக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அப்பா ஊருக்குப் போனால் வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியாது. வெளியிலிருந்து வர நம் ரவுட்டரில் போர்ட் என்கிற வாசலைத் திறந்து என்ன பயன், அதற்கு மேலே கம்பெனியின் கதவு மூடியிருக்கிறதே.

சரி என்று வருடத்துக்கு 2,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 2,360, கட்டி, எங்களுக்கு மட்டுமேயான, மாறாத ஸ்டாட்டிக் ஐபி வாங்கினேன். ஆறு மாதம் நிம்மதி. ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் கனெக்‌ஷன் கிடைக்கவே இல்லை. உங்கள் ஐபி கருப்புப் பட்டியலில் இருக்கிறது, வைரஸ் பிடித்த கருவி ஏதோ அங்கே ஓடுகிறது என்று பாதுகாப்புப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. ராத்திரி உட்கார்ந்து ரவுட்டரில் ஒவ்வொரு கருவியாகப் பார்த்தேன். மாடியில் எல்லோரும் தூங்கிய பிறகும் ஒரே ஒரு கருவி மட்டும் எங்கெங்கோ நூற்றுக்கணக்கில் இணைப்புப் போட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் மலிவாக வாங்கிய, பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டி. அதைக் கழற்றி, பட்டியலிலிருந்து பெயரை நீக்க வைத்து, ஆபீஸில் மறுபடி அனுமதி வாங்க நான்கு நாள் ஆனது. நான்கும் லீவில் போனது. அதைவிட, அண்ணி முகம் வாடி, "எங்களாலதான் உங்க வேலை போகப் பார்த்துச்சா?" என்று கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் இரண்டு வீட்டின் ஐபியையும் பிரித்தேன். ஸ்டாட்டிக் ஐபிக்கு எங்கள் கம்பெனியில் தனி யூசர்நேம் தருகிறார்கள், பங்கு ஐபி தரும் பழைய லாகினையும் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படி விடாது, கேட்டுக்கொள்ளுங்கள். ஓஎன்டியை, தானே டயல் செய்யாமல் (லாகின் போட்டு இணையாமல்) லைனை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் போட்டு, அதன் பின்னால் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று, அதிலிருந்து இரண்டு ரவுட்டர். கீழே உள்ளது ஸ்டாட்டிக் லாகினில் டயல் செய்யும், மேலே உள்ளது பழைய லாகினில். உள் முகவரிகளையும் கீழே 192.168.10, மேலே 192.168.20 என்று மாற்றிவிட்டேன். அப்பாவின் கேமராவுக்குப் போர்ட்டைத் திறக்காமல் கீழ் ரவுட்டரிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனி வழி) போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இந்த இரண்டரை வருடத்தில் ஆபீஸிலிருந்து ஒரு புகார் கிடையாது. மாடியில் யார் எந்தப் பெட்டியை வாங்கினாலும் நான் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. இந்த நிம்மதிக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் 2,360 கட்டலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஐபிதான் பிரிந்தது, குழாய் ஒன்றேதான். அண்ணன் மகன் 60 ஜிபி கேம் இறக்கினால் என் வீடியோ மீட்டிங் திக்கும். பிரிண்டரும் கீழே மாட்டிக்கொண்டது. அண்ணன் மகள் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கக் கீழ் வைஃபைக்கு மாறித்தான் ஆக வேண்டும், பாதி நாள் பென் டிரைவோடு இறங்கி வருவாள். அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

பிடிக்காதது அந்த பிரிட்ஜ் மோடு. ஓஎன்டியை யார் தொட்டாலும், ரீசெட் ஆனாலும், அது பழையபடி, தானே டயல் செய்யும் ரவுட்டர் மோடுக்குப் போய்விடும். இதுவரை ஐந்து முறை. போன வாரம் தெருவில் பள்ளம் தோண்டியதில் ஃபைபர் அறுந்து, சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. லைன்மேன் இரண்டே மணி நேரத்தில் அந்த வெயிலில் வந்து, இழையை ஒட்டி, பெட்டியையும் மாற்றி, தன் போனில் ஒரு வீடியோ ஓட்டிப் பார்த்து, "சார், நெட் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கீழ் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். வேன் ஐபி (வெளிப்பக்க ஐபி) என்ற இடத்தில் 192.168.1.3, வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பெட்டியே பழைய லாகினில் டயல் செய்துகொண்டது, என் இரண்டு ரவுட்டரும் அதன் பின்னால் நிற்கின்றன, மொத்த வீடும் மறுபடி பங்கு ஐபியில். ஆபீஸ் கதவு சாத்தியாயிற்று. கஸ்டமர் கேரில், நெட் ஓடுகிறதே என்று புகாரையே மூடிவிட்டார்கள். திரும்பத் திறக்க வைத்து, பிரிட்ஜ் என்றால் தெரிந்த ஒருவர் லைனில் கிடைத்தபோது மணி ஏழரை. லைன்மேன் மேல் தப்பில்லை, நெட் வந்தால் அவர் வேலை முடிந்தது. ஆனால் ஸ்டாட்டிக் ஐபிக்குப் பணம் வாங்குகிறவர்கள், இந்த வீட்டில் பெட்டி பிரிட்ஜில் இருக்க வேண்டும் என்று கணக்கில் ஒரு வரி எழுதி வைக்கக் கூடாதா? ஐந்து முறையும் இதைத்தான் கேட்டேன்.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வந்த பிறகு இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரியே கிடைக்கிறது. ஆபீஸ் அதை ஏற்றுக்கொண்டால் இந்த ஏற்பாடே வேண்டாம். கேட்டுவிட்டேன், இப்போதைக்கு ஐபிவி4 மட்டும்தானாம்.

அதனால் நண்பரே, நீங்கள் பண்ணாதீர்கள். வேலைக்கென்று வேறு கம்பெனியில் சின்ன லைன் ஒன்று தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். நான் நேற்று ராத்திரிதான் அடுத்த வருடத்துக்கு ஸ்டாட்டிக் ஐபி பணம் கட்டினேன். "பிரிட்ஜ் மோடு, மாற்ற வேண்டாம்" என்று அண்ணன் எழுதி ஒட்டியிருந்த காகிதம் பழைய பெட்டியோடு போய்விட்டது. புதிதாக ஒன்று எழுதித் தந்திருக்கிறார், இந்த முறை அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.