கைதச்சக்கையா, தர்பூசணியா, டப்பாப் பழமா?

மதியம் இரண்டு மணி. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். "மக்களே, வெட்டுன பழம் ஏதாவது வாங்கு, நாக்கு ஒட்டுது" என்றார் அம்மா. அவருக்கு வயது 72, சர்க்கரையும் உண்டு. அதனால் எந்தப் பழத்தில் கிருமி பயம் குறைவு என்று நான் கொஞ்சம் யோசித்தேன்.

தள்ளுவண்டியில் ஒருபக்கம் கைதச்சக்கை, அதாவது அன்னாசிப்பழம், இன்னொரு பக்கம் ஐஸ்கட்டி மேல் தர்பூசணியும் பப்பாளியும். எதிர்க் கடையில், குளிர்பெட்டிக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் நாலைந்து பழம் கலந்து மூடி வைத்திருந்தார்கள். யாரைக் கேட்டாலும் டப்பாவைத்தான் கைகாட்டுவார்கள். என் ஓட்டு கைதச்சக்கைக்கு.

காரணம் புளிப்பு. பழத்தின் அமிலத்தை பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். எண் குறையக் குறைய புளிப்பு அதிகம். கைதச்சக்கை 3-லிருந்து 4 வரை நிற்கும். தர்பூசணி, பப்பாளி இரண்டுமே 5-க்கு மேல். முலாம்பழம் 6-ஐத் தாண்டிவிடும். வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் கைதச்சக்கைச் சாற்றில் பெருகத் திணறும். சில உயிரோடு தாக்குப்பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். தர்பூசணியிலோ இனிப்பு, ஈரம், நம்ம ஊர்ச் சூடு எல்லாம் சேர்ந்து கிடைக்கிறது. வசதியான சூட்டில் பல பாக்டீரியாக்கள் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை பத்துக்கு வெட்டிய துண்டு மதியம் இரண்டுக்கு எந்த நிலையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டிய பழம் வெளியே இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான விதி.

அடியில் ஐஸ் இருக்கிறதே என்பீர்கள். அது அடித்துண்டைத்தான் குளிர வைக்கும், மேல்துண்டு வெயிலில்தான் கிடக்கிறது. அதோடு அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது? மீனுக்குப் போகிற கட்டி ஐஸும் குடிக்கிற ஐஸும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். உருகி வழிகிற தண்ணீர் பழத்தில் பட்டால் அந்த ஐஸைத் தின்ற மாதிரிதான்.

டப்பாவைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். எப்போது வெட்டினார்கள், எந்தக் கையால், எந்தப் பலகையில் என்று ஒன்றும் தெரியாது. ஒரு பழத்தில் இருந்த அழுக்கு மற்ற நாலுக்கும் பரவியிருக்கும். குளிர் நிஜமாகவே 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான கிருமிகள் மந்தமாகும். அந்த வகையில் ஐஸ் வண்டியைவிட டப்பா மேல். ஆனால் லிஸ்டீரியா என்று ஒன்று குளிர்பெட்டிக்குள்ளும் மெதுவாகப் பெருகும். 2011-இல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியாக அது பரவி 147 பேர் நோயில் விழுந்தார்கள், 33 பேர் இறந்தார்கள். அவை முழுப் பழங்கள். பேக்கிங் கொட்டகையில் தேங்கிய தண்ணீரிலும் கருவிகளிலும் கிருமி இருந்தது. தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வயதானவர்களும் கர்ப்பிணிகளும்தான் இதில் முதலில் மாட்டுவார்கள்.

மோந்து பார்த்தால் தெரியாதா? கெட்டுப்போனது தெரியும். ஒருமுறை கைதச்சக்கைத் துண்டுகளை ராத்திரி அடுக்களை மேடையிலேயே மறந்துவிட்டேன். காலையில் டப்பா மூடி உப்பியிருந்தது, திறந்ததும் நுரை, அப்படியே கள்ளு வாடை. அது ஈஸ்ட் செய்கிற வேலை. நம்மைத் தின்னவிடாமல் எச்சரித்துவிடும். நோய்க்கிருமி அப்படி இல்லை. நிறம், மணம், ருசி எதையும் மாற்றாமல் தர்பூசணியில் இருக்கும். கெட்டது வேறு, கிருமி பட்டது வேறு.

சரி, கைதச்சக்கைக்கு வருவோம். புளிப்பு இருந்தாலும் கத்தியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வண்டிக்குக் கீழே ஒரு வாளி. தண்ணீர் மோர் நிறத்தில், அதில் பப்பாளி விதைகள் மிதந்தன. கத்தியை அதில் ஒரு முக்கு, இடுப்புத் துண்டில் ஒரு துடைப்பு, அடுத்த பழம். வெட்டி அடுக்கியதைக் காட்டி, "இப்பம் வெட்டினதாக்கும் அக்கா" என்றார் வண்டிக்காரர்.

"அண்ணே, முழுசா ஒண்ணு எடுத்துப் புதுசா வெட்டித் தாங்க. கத்தியை மட்டும் இதுல கழுவிருங்க" என்று என் பாட்டில் தண்ணீரை நீட்டினேன். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். கத்தியோடு கையையும் கழுவிக்கொண்டார். மிளகாய்த்தூள் டப்பா பக்கம் கை போனபோது வேண்டாம் என்றேன். திறந்தே கிடந்த அந்தத் தூளை நம்ப மனம் வரவில்லை.

அம்மா ஒரு துண்டைக் கடித்து முகத்தைச் சுருக்கினார். "என்ன மக்களே, இந்தப் புளி புளிக்கு!"