பாசியை மாற்றுவதா, பரம்பரையை மாற்றுவதா? பவளங்கள் பழைய தட்பவெப்பத்தைக் கடந்த வழிகள்

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கிரேட் பேரியர் ரீஃப் இன்றிருக்கும் இடத்தில் கடலே இல்லை. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. ஆஸ்திரேலியக் கரையை ஒட்டிய அந்த மேடு முழுக்கக் காய்ந்த நிலம். பவளங்கள் அதன் வெளிவிளிம்பில் ஒண்டிக்கொண்டிருந்தன. பிறகு பனி உருகியது, நீர் ஏறியது, பவளங்களும் கூடவே ஏறி வந்தன. கடலடியைத் துளையிட்டு எடுத்த பாறைத்தண்டுகள் சொல்லும் கணக்குப்படி, கடந்த 30,000 ஆண்டுகளில் இந்தத் திட்டு ஐந்து முறை சாவின் விளிம்புக்குப் போய் மீண்டிருக்கிறது.

எதை மாற்றிக்கொண்டு மீண்டது? மூன்று பதில்கள் போட்டி போடுகின்றன. உடலுக்குள் குடியிருக்கும் பாசியை மாற்றிக்கொண்டது என்பது ஒன்று. இருக்கும் மரபணுக்களையே வேறு விதமாக இயக்கிக்கொண்டது என்பது இன்னொன்று. மரபணுக்களே தலைமுறை தலைமுறையாக மாறின என்பது மூன்றாவது. மூன்றும் நடப்பவைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது என்பது என் கட்சி.

பவளம் என்பது பாலிப் எனும் குட்டி உயிரிகளின் கூட்டம். ஒரு பாலிப்பைக் கிட்டத்தில் பார்த்துவிட்டால் வழக்கு புரியும். அக்ரோபோரா பவளத்தில் அது ஓரிரு மில்லிமீட்டர் அகலம்தான். சதை கண்ணாடி மாதிரி. உருப்பெருக்கியில் வைத்தால் உள்ளே பழுப்புப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவைதான் நுண்பாசிகள், வெயிலில் சர்க்கரை சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுபவை. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். கண்ணாடிச் சதை வழியே வெள்ளைக் கூடு தெரியும். இதைத்தான் வெளிறல் என்கிறோம்.

பாசியை மாற்றும் வழி கேட்பதற்கே அழகானது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்ந்த கெப்பல் தீவிலிருந்த அக்ரோபோரா மில்லிபோரா என்ற பவளத்தை வெதுவெதுப்பான மேக்னெட்டிக் தீவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அது வெளிறியது, மீண்டபோது பழைய கிளாடோகோபியம் பாசிக்குப் பதில் டுருஸ்டினியம் பாசி உள்ளே இருந்தது. தாங்குதிறன் 1 முதல் 1.5 டிகிரி வரை கூடிவிட்டது. ஒரே பவளம், ஒரே ஆயுளுக்குள்! தலைமுறைகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

விலையும் உண்டு. டுருஸ்டினியத்தோடு வளரும் இளம்பவளங்கள் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு மெதுவாக வளர்வதை அதே மேக்னெட்டிக் தீவில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படும் குறை வேறு. அக்ரோபோராவின் முட்டையில் பாசியே கிடையாது. ஒவ்வொரு குஞ்சும் தன் பாசியைக் கடல்நீரிலிருந்து தானே பொறுக்கிக்கொள்ள வேண்டும். தாய் பாடுபட்டுச் சேர்த்த கூட்டாளி பிள்ளைக்குச் சொத்தாக வருவதில்லை. போரைட்டஸ் போன்ற சில பவளங்கள் மட்டும் முட்டையிலேயே பாசியை வைத்து அனுப்புகின்றன.

பாசிக்கட்சியின் பலமான சாட்சி பாரசீக வளைகுடா. பனியுகத்தில் வறண்டு கிடந்து, பிறகு நீர் நிரம்பி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்புதான் இன்றைய மட்டத்தை எட்டிய கடல் அது. கோடையில் நீர் 35 டிகிரியைத் தொடுகிறது. அங்குள்ள பவளங்கள் பலவற்றில் கிளாடோகோபியம் தெர்மோபிலம் என்ற பாசி இருக்கிறது. இந்தப் பாசி வளைகுடாவைவிட வயதில் மூத்தது. வெளியே ஓமன் வளைகுடாவிலும் செங்கடலிலும் அரிதாகத் தட்டுப்படுகிறது. வளைகுடா சூடானபோது புதிதாக எதுவும் முளைக்கவில்லை, மூலையில் கிடந்த பழைய சரக்கு ஓங்கியது. இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது வழிக்கு அமெரிக்க சமோவாவின் ஓஃபூ தீவு. சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு குட்டைகள். ஒன்றில் வற்றுநேர வெயிலில் நீர் 34 டிகிரிக்கு மேல் போகும், மற்றது சாந்தமானது. சாந்தமான குட்டையின் பவளங்களைச் சூடான குட்டைக்கு மாற்றி ஓராண்டுக்கு மேல் விட்டுவைத்தார்கள். தாங்குதிறன் ஏறியது, ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவற்றோடு இருந்த இடைவெளியில் ஏறக்குறையப் பாதிதான் அடைந்தது. சூட்டுக் குட்டைவாசிகளோ வெப்பம் வருவதற்கு முன்பே சுமார் 60 பாதுகாப்பு மரபணுக்களை உயர்த்தியே வைத்திருந்தன. மழைக்கு முன்பே குடையை விரித்து வைத்திருப்பதுபோல. பழக்கத்தால் பாதி வந்தது. எட்டாமல் நின்ற மீதிப் பாதி பிறப்பிலேயே வந்த வேறுபாடு.

அந்தப் பாதிக்குள்தான் மூன்றாவது பதில் இருக்கிறது. 2015-இல் வெளியான ஒரு கலப்புச் சோதனை என்னை இந்தப் பக்கம் முழுதாகத் திருப்பியது. கிரேட் பேரியர் ரீஃபின் வடக்கே வெப்பமான பிரின்சஸ் சார்லட் விரிகுடாவின் மில்லிபோராவையும், தெற்கே ஆர்ஃபியஸ் தீவின் மில்லிபோராவையும் கலந்து இளம்புழுக்களை, அதாவது நீரில் மிதக்கும் பவளக் குஞ்சுகளை, உண்டாக்கினார்கள். சூட்டில் வைத்தபோது, வடக்குப் பெற்றோருக்குப் பிறந்தவை பிழைக்கும் வாய்ப்பு பத்து மடங்கு வரை கூடியிருந்தது. இந்தப் புழுக்களுக்குள் பாசி இன்னும் நுழையவில்லை. ஆகவே புகழைப் பாசிக்குக் கொடுக்க வழியே இல்லை. தாங்குதிறன் பவளத்தின் சொந்தச் சொத்து, பிள்ளைக்குப் போகும் சொத்து.

பழைய காலத்துக்கான சாட்சியம் 2020-இல் வந்தது. கிரேட் பேரியர் ரீஃபின் கரையோரத் திட்டுகளிலிருந்து அக்ரோபோரா டெனுயிஸ் என்ற பவளத்தின் 150 கூட்டங்களின் மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். பவளக் குழுக்களுக்கு இடையிலான பிரிவு பனியுகக் காலத்திலேயே நடந்தது தெரிந்தது. பனி உருகிய பிறகு ஒன்றல்ல, ஏராளமான மரபணுக்களில் தேர்வு நடந்த தடயமும் கிடைத்தது. எந்த மரபணுக்கள்? உடலின் உப்புச் சமநிலையைக் காப்பவை, கூட்டை வளர்ப்பவை, பாசியை உள்ளே அமர்த்திப் பேணுபவை. கரையோரத்தில் ஆற்று வெள்ளம் பாயும்போது உப்பு சட்டென்று குறையும் என்பதை நினைத்தால், அன்றைய மாற்றம் வெறும் சூடு மட்டுமல்ல என்று புரிகிறது. திட்டுக்குத் திட்டு பாசி வேறுபட்டது உண்மை. ஆனால் அது பவளத்தின் வம்சப் பிரிவோடு ஒட்டவில்லை, இன்றைய சூழலையே காட்டியது. பாசி இன்றைய நிலவரம், மரபணு பழைய வரலாறு. போட்டியில் என் தீர்ப்பும் இதுதான்.

மூன்றாவது வழியின் பலவீனம் காலம். மில்லிபோராவின் மரபணு வேறுபாட்டை வைத்து 2018-இல் போட்ட கணக்கு ஒன்று, கையிருப்பு இன்னும் 20 முதல் 50 தலைமுறை வரை, அதாவது 100 முதல் 250 ஆண்டுகள் வரை தாங்கும் என்றது. நம்பிக்கையான கணக்குதான். ஆனால் இதிலும் வளைகுடாப் பாசியைப் போல, வேலை செய்வது புதிய மாற்றமல்ல, கூட்டத்தில் ஏற்கெனவே சிதறிக்கிடக்கும் பழைய வேறுபாடு. கூட்டம் சுருங்கினால் கையிருப்பும் சுருங்கும். கிரேட் பேரியர் ரீஃபில் பெரும் வெளிறல்கள் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என்று நெருங்கி வந்துகொண்டிருக்கின்றன. பிறந்த அக்ரோபோரா முட்டையிடவே சில ஆண்டுகள் ஆகும்.

ஆய்வகத்தில் நான்கு ஆண்டு சூட்டில் வளர்த்த பாசியை இளம்புழுக்களுக்கு ஊட்டும் முயற்சியில், பத்து வகையில் மூன்று பலன் தந்தன. நல்ல செய்தி. ஆனாலும் ஒரு ரூபாய் இருந்தால் நான் அதை வடக்கு தெற்குக் கலப்புக்கே கொடுப்பேன், ஏனென்றால் கடல் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறது: அதே 2018 கணக்கின்படி மில்லிபோராவின் புழுக்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காகத்தான் பயணிக்கின்றன. 2016 வெளிறலில் எல்லாவற்றையும்விடக் கடுமையாக அடிபட்டது அந்த வடபகுதி. தெற்குக்கு வெப்பம் தாங்கும் மரபணுக்களை அனுப்பிவந்த தாய்ப்பவளங்கள் அங்கேதான் இருந்தன.