உலர் சலவை எந்திரமும் எங்கள் ஊர்த் தண்ணீரும்: எட்டு ஆண்டு அனுபவம்

பெயர்தான் உலர் சலவை. மதுரையில் எட்டு ஆண்டுகளாக ஒரு பத்துக் கிலோ பெர்க் எந்திரத்தை ஓட்டிவருகிறேன். பெர்க் என்பது தண்ணீருக்குப் பதிலாகத் துணியின் அழுக்கை எடுக்கும் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான். அதில் எனக்கு வந்த தொல்லைகளில் பாதிக்கு மேல் தண்ணீரால் வந்தவை.

விற்றவர் கரைப்பானைப் பற்றிச் சொன்னார், வடிகட்டியைப் பற்றிச் சொன்னார். ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சர் என்ற பகுதிக்குப் போகும் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் தெரு போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை படியும். அதே உப்பு கண்டென்சர் குழாய்க்குள்ளும் படிந்தது. மூன்றாம் ஆண்டு சித்திரைத் திருவிழா நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. 35 நிமிடத்தில் காயும் துணி ஒரு மணி நேரமாகியும் பெர்க் வாடையோடு வந்தது. கம்ப்ரசரே போய்விட்டது என்றார் வந்த மெக்கானிக். நல்லவேளையாக என் கடைப் பையன், "அண்ணே, முதலில் குழாயைக் கழுவிப் பார்ப்போமே" என்றான். எலுமிச்சை உப்பைக் கரைத்துச் சுற்றவிட்டோம். மோர் போல வெளியே வந்தது! மறுநாள் பழைய 35 நிமிடம். இப்போது ஆண்டுக்கு இரு முறை கழுவுகிறோம். பங்குனியில் ஒரு முறை கட்டாயம். பாய்லருக்குத் தனியாக மென்னீர்க் கருவி வைத்தாயிற்று.

அடுத்த பாடம் விலை கூடியது. பெர்க் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனம். அதனால் பிரிப்பான் தொட்டியில் பெர்க் அடியில் தங்க, தண்ணீர் மேலே மிதந்து தனி வழியாக வெளியேற வேண்டும். அந்த வழியைப் பஞ்சும் வழவழப்பும் அடைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. தண்ணீர் கரைப்பான் தொட்டிக்கே திரும்பிவிட்டது. ஒரு கல்யாணப் பட்டுப் புடவையில் நீர்க்கறை விழுந்தது. புடவையின் விலையைக் கொடுத்துத்தான் மீண்டேன். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் பிரிப்பானைத் திறக்காமல் முதல் சுமையைப் போடுவதில்லை.

பொத்தான் சல்லடையைத் தினமும் காலி செய்கிறோம். ஊக்கு, மொய்ப்பணத்தில் தப்பிய ஒரு ரூபாய், விபூதிப் பொட்டலம், கொட்டைப்பாக்கு எல்லாம் கிடைக்கும். பயப்பட வேண்டியது பால்பாயிண்ட் பேனாவுக்குத்தான்; சல்லடைக்கு வருவதற்குள் சுமை முழுவதும் நீலம். பஞ்சு வடிகட்டியை இரண்டு சுமைக்கு ஒரு முறை தட்டிவிடுவோம்.

பெர்க் 121 டிகிரியில் கொதிக்கும். அழுக்கான பெர்க்கைக் காய்ச்சி வடிக்கும் பாத்திரம்தான் ஸ்டில். சீக்கிரம் வடியட்டும் என்று அதன் சூட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கசடு கருகிப் பிடித்துக்கொண்டால் சுரண்டுவது நரகம். சூடு மிஞ்சினால் பெர்க்கே சிதைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் கசட்டை எடுப்போம். அது மூடிய டிரம்மில் அபாயக் கழிவாகத்தான் போக வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் நிலத்தடி நீரில் போய்ச் சேரும். கதவு ரப்பர் கசிகிறதா என்று மூக்கை நம்பிச் சோதிக்காதீர்கள். நாள்பட்டால் வாடை நமக்குத் தெரியாமலே போய்விடும், வாடிக்கையாளர்தான் வாசலில் முகம் சுளிப்பார். நான் இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

திரும்பவும் வாங்குவேனா? இதே எந்திரத்தை வாங்க மாட்டேன். பெர்க் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் சலவைத் தொழிலிலிருந்து அதைப் படிப்படியாக விலக்க விதி கொண்டுவந்தார்கள். அடுத்தது பெட்ரோலிய வகைக் கரைப்பானில் ஓடும் ஹைட்ரோகார்பன் எந்திரமாகத்தான் இருக்கும், அதற்குத் தீப்பிடிக்கும் பயம் தனி. அதுவரை இதுதான். ஆடியில் கல்யாணத் துணி வராது. மூன்றாவது கதவு ரப்பரை அப்போது மாட்டுவதற்காக வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.