தூக்க மாத்திரையா, தெரபியா?

ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் படபடப்பு, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல். இப்படிப் போய் நிற்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழி உண்டு: மாத்திரை, இல்லாவிட்டால் உளவியலாளருடன் தனியாக உட்கார்ந்து செய்யும் தெரபி. இரண்டையும் பார்த்துவிட்டு இப்போது நான் தெரபி கட்சி. அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வேகமும் செலவும் மட்டும் பார்த்தால் மாத்திரைதான். போட்ட அன்றைக்கே கண் அசந்துவிடும். தெரபி வாராவாரம் நேரமும் பணமும் கேட்கும்.

ஆனால் நிறுத்தும்போது என்ன ஆகிறது? எனக்கு அதுதான் பெரிய கேள்வி. அல்பிரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிவிடும். சட்டென்று விட்டால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இவற்றில் அல்பிரசோலம் போன்றவற்றை எச்1 அட்டவணையில், அதாவது கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி போட்டிருப்பது சும்மா இல்லை.

தெரபி முடிந்தாலும், கற்றது நம்மிடமே இருக்கும். தூக்கமின்மைக்கென்றே உள்ள, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி-ஐ என்ற தெரபி முறையில் முதல் வேலை ஒரு நோட்டில் தூக்கத்தைக் குறிப்பது. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணி வரை கிடந்தாலும், நான் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்று நோட்டு காட்டியது. உடனே வந்தது உத்தரவு: பன்னிரண்டரைக்கு முன் கட்டில் பக்கமே போகக்கூடாது, ஆறுக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். படுத்திருக்கும் நேரத்தில் சுமார் 85 சதவீதம் தூக்கமாக மாறிய பிறகே 15 நிமிடம் கூட்டுவார்கள். ஆரம்பத்தில் பகலெல்லாம் தூங்கி வழியும். வண்டி ஓட்டுவதை வேலையாகக் கொண்டவர்களும், வலிப்பு, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படபடப்புக்கும் இதே பாணிதான். "இன்றைக்கும் தூங்காவிட்டால் நாளை வேலை நாசம்" என்றேன். "போன தடவை தூங்காத அன்று என்ன நாசமானது?" என்று தெரபிஸ்ட் கேட்டார். யோசித்துப் பார்த்தால், மீட்டிங்கில் கொட்டாவி விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இது என் தனி ருசி மட்டுமல்ல. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை சிபிடி-ஐதான் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2016-லேயே பரிந்துரைத்தது.

எனக்கு இருந்தது நடுத்தரப் பதற்றம். கடுமையான மனச்சோர்வுக்கோ, தற்கொலை எண்ணத்துக்கோ என் அனுபவம் அளவுகோல் ஆகாது. அங்கே மனநல மருத்துவர்தான் முதலில். அவர் தரும் மனச்சோர்வு மருந்துகள் வேறு வகை. தூக்க மாத்திரையோடு சேர்த்துத் திட்டக்கூடாது. மருந்தும் தெரபியும் சேர்த்தே எடுப்பவர்களும் நிறைய. வீடியோ வழி தெரபியை ஊருக்குப் போயிருந்தபோது மட்டும் பார்த்தேன்; பரவாயில்லை என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

யாரிடம் போவது? கவுன்சிலர் என்ற போர்டை நம்பி உள்ளே நுழையாமல், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உண்டா, சிபிடி-ஐ செய்து பழக்கமா என்று கேட்டுவிடுங்கள். காசு இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14416-க்கு அழைத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.