1,850 ரூபாய்க்கு அழுகல் தண்டு: லக்கி பேம்பூ வாங்கப்போறவங்க பாத்துக்கிடுங்க

நாகர்கோவில்ல பரிசுப்பொருளும் வீட்டுக்குள்ள வைக்கிற செடியும் விக்கிற ஒரு கடை. பேரு போடல. பால்காய்ப்பு வீட்டுக்குக் கொடுக்கணும்னு வாங்கினது மூணு அடுக்கு லக்கி பேம்பூ, அதாவது தண்ணியில நிக்கிற அலங்காரச் செடித்தண்டுகளை மூணு அடுக்கா வட்டமாக் கம்பியால கட்டினது. கண்ணாடித் தொட்டியோட 1,850 ரூபாய். இப்பதான் கம்பியை அவுத்துப் பாத்தேன். பாதிக்கு மேல அழுகல், கை இன்னும் நாறுது.

ஏமாத்துன விதத்தைக் கேளுங்க. வெளிவட்டத்துல இருந்த ஒரு தண்டைக் கடையில விக்கிறவர் லேசா உருவித் தூக்கிக் காட்டினார். அடியில ஆரஞ்சும் சிவப்புமா வேர். "வேரைப் பாருங்க அக்கா, இதுக்கு மேல என்ன வேணும்?" சொன்னது சரிதான். இந்தச் செடிக்கு நல்ல வேர் அந்த நிறத்துலதான் இருக்கும். கறுத்துக் கொழகொழன்னு இருந்தா அழுகல். அங்கேயே ஜிபே பண்ணியாச்சு.

அவர் காட்டினது வெளி வரிசை. நடுவுல செருகியிருந்தது வேரே விடாத வெட்டுத்தண்டு. வேர் இல்லாட்டியும் தண்டு உள்ள இருக்க சத்தை வச்சே கொஞ்ச காலம் பச்சையா நிக்கும், விக்கிறவங்களுக்கு அதுதான் வசதி. உச்சி வெட்டுல பச்சை மெழுகு வேற. மெழுகு வைக்கிறது தப்பில்ல, வெட்டின இடம் காயாம இருக்க எல்லாரும் வைக்கிறதுதான். ஆனா அதுக்குக் கீழ சுருங்கிப்போன தண்டும் மறைஞ்சிரும். ஒண்ணு அழுகினா ஒரே தண்ணியில நிக்கிற மத்ததுக்கும் பரவும். அப்படித்தான் அடியிலிருந்து மஞ்சள் ஏறிச்சு.

போட்டோ அனுப்பினா நீல டிக் விழுது, பதில் இல்ல. நேர்ல போனா "தண்ணி மாத்துங்க, சரியாயிரும்". மஞ்சளான தண்டு எந்தக் காலத்துலயும் பச்சையாகாது. அடுத்து, "ஒங்க வீட்டுத் தண்ணி உப்பு". உப்போ குளோரினோ கூடினா முதல்ல இலை நுனிதான் பழுப்பாக் கருகும், தண்டு அடி கொழையாது. அதுவும் ஊத்தினது மழைத்தண்ணி! அப்புறம், "கிழக்க பாத்து வச்சீங்களா?" கடைசியா, "முதலாளி இல்ல, நாளைக்கு வாங்க". முதலாளி அகப்பட்டப்போ சொன்னது: அடுத்த செடியில 100 ரூபாய் குறைச்சுத் தாராராம். 1,850 போன இடத்துல 100!

விக்கும்போது "மூங்கில்தானே அக்கா, கழுத்து வரைக்கும் ஊத்துங்க"ன்னு சொன்னதும் இதே ஆளுதான். இது மூங்கிலே இல்ல, டிரசீனாங்கிற வேற செடி. ஆப்பிரிக்கக் காட்டுல மரநிழல்ல வளர்ற செடி. வேர் நனைய ரெண்டு மூணு அங்குலம் தண்ணி போதும், தண்டு முங்கினா அழுகும்.

வளர்க்குற முறையை விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. முக்கியமானதை மட்டும் சொல்லுதேன்.

அடுக்கா கட்டினதை வாங்காதீங்க, தனித்தண்டா வாங்குங்க. அடுக்குதான் வேணும்னா ரிப்பனை விலக்கி நடுத்தண்டை அமுக்கிப் பாருங்க; கல்லு மாதிரி இருக்கணும். தண்ணியை மோந்து பாருங்க. அவுக்க விடமாட்டேன்னா அந்தக் கடையை விட்டு வந்துருங்க.

குழாய்த் தண்ணியை ஒரு ராத்திரி திறந்து வச்சா குளோரின் போகும், உப்பு போகாது. கடலோரத்து போர் தண்ணி வேண்டாம். வாரம் ஒருதடவை தண்ணியை மாத்தித் தொட்டியையும் தேச்சுக் கழுவுங்க, இல்லன்னா டெங்கு கொசு முட்டை வச்சிரும். மதிய வெயில் நேரா படக்கூடாது. உரம் ரெண்டு மாசத்துக்கு ஒரு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம்.

அழுகல் தெரிஞ்சா மஞ்சளுக்கு ஒரு அங்குலம் மேல, நல்ல பச்சையில, சுத்தமான கத்தியால வெட்டித் தனிக் குப்பியில வையுங்க. கணு ஒண்ணாவது தண்ணிக்குள்ள இருக்கணும், அங்கதான் வேர் விடும். பூனை, நாய் இருக்க வீட்டுல எட்டாத இடத்துல வையுங்க. தின்னா வாந்தி எடுக்கும்.

பில் கேட்டு வாங்குங்க. எனக்குத் தந்தது "செடி 1,850"ன்னு ஒரு துண்டுச்சீட்டு, கடைப் பேருகூட இல்ல. ஜிபே கணக்கு இருக்கு. அதை வச்சு 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, நாளைக்குக் காலையில கூப்பிடப்போறேன்.