விரல்ரேகை எங்கே தேவை: பட்டியலிலா, வாக்குச்சாவடியிலா?

ஜனநாயகம் இன்னும் வேரூன்றிவரும் நாடுகளின் தேர்தல்களில், விரல்ரேகை, முகம் போன்ற உடல் அடையாளங்களால் ஆளை அறியும் பயோமெட்ரிக் முறை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகிறது. ஒரே ஆள் பல இடங்களில் பதிந்திருப்பதைக் கண்டறிந்து வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்வது ஒன்று. வந்திருப்பவர் பட்டியலில் உள்ளவர்தானா என்று வாக்குச்சாவடியிலேயே கருவியால் சரிபார்ப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பெயரில் பேசப்பட்டாலும், பலனிலும் ஆபத்திலும் வெகுவாக வேறுபடுகின்றன.

முதல் வழிக்கு வங்கதேசம் நல்ல சான்று. 2007-08இல் ராணுவத்தின் துணையோடு 8 கோடிக்கும் மேற்பட்டோரின் படமும் விரல்ரேகையும் திரட்டப்பட்டன. ஆனால் 2008 டிசம்பர் தேர்தலில் சாவடி அலுவலரின் மேசையில் இருந்தது படம் அச்சிட்ட காகிதப் பட்டியல்தான். மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும்; சந்தேகம் எழுந்தால் கட்சி முகவரும் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் வழியில் சிக்கல் அதிகம். 2012இல் 'சரிபார்ப்பு இல்லையேல் வாக்கு இல்லை' என்று கறாராக நின்ற கானாவில், கருவிகள் பழுதானதால் பல சாவடிகளில் வாக்குப்பதிவை மறுநாளுக்கும் நீட்டிக்க நேர்ந்தது. 2015இல் நைஜீரியாவில் அதிபர் குட்லக் ஜோனாதனின் விரல்ரேகையையே கருவிகள் ஏற்கவில்லை (நாட்டின் முதல் குடிமகனுக்கே அந்த நிலை என்றால், உழைத்துத் தேய்ந்த விரல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்). கருவி கைவிட்ட இடங்களில் கையால் சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் அன்றே அனுமதித்தது. விதி இறுகினால் உண்மையான வாக்காளர் திரும்பிப் போகிறார். தளர்ந்தால் கள்ள ஓட்டுக்குப் பின்வாசல் திறந்துவிடுகிறது. இந்த இரண்டில் எதை ஏற்பது என்பதைத் தேர்தலுக்கு வெகுமுன்பே முடிவு செய்யாத நாடு, சாவடிக் கருவிக்குப் பணம் செலவிடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

பட்டியலுக்கே என் வாக்கு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு: தேர்தலில் போட்டியே இல்லாமல் போவதையோ, முடிவுகளைத் தொகுப்பதில் எழும் சந்தேகத்தையோ பட்டியலால் தீர்க்க முடியாது. 2014இல் எதிர்க்கட்சிகள் புறக்கணித்த வங்கதேசத் தேர்தலில், 300 இடங்களில் 153 போட்டியின்றியே நிரப்பப்பட்டன. கென்யாவில் 2017 அதிபர் தேர்தலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, விரல்ரேகையைவிட முடிவுகளை அனுப்பித் தொகுத்த முறையே பெரிதும் கேள்விக்குள்ளானது. 2022இல் அந்நாட்டு ஆணையம் 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் முடிவுப் படிவங்களை இணையத்தில் வெளியிட்டது. விரும்பிய எவரும் அவற்றைத் தரவிறக்கித் தாமே கூட்டிப் பார்க்க முடிந்தது.